உதவி: தானியங்கி ஷண்டிங் இன்ஜின் குறியைத் தாண்டி நிக்குது

சைடிங்_புள்ளி: அவசரம். அரக்கோணம் பக்கம் தனியார் சைடிங் (கம்பெனிக்குள்ள போற கிளைத் தண்டவாளம்). வேகன் தள்ளுற பழைய ஷண்டர் இன்ஜினுக்குத் தானா நிறுத்துற கிட் மாட்டியிருக்கோம். டெட் எண்டுக்கு, அதாவது தண்டவாளம் முடியுற இடத்துக்கு, 10 மீட்டர் முன்னாடி நிக்கணும். சில நேரம் 2 மீட்டர் தாண்டுது. சக்கரச் சுத்தை எண்ணித் தூரம் சொல்ற சென்சாரை மாத்திடலாமா?

யார்டு_கண்ணு: எந்த இன்ஜின்? என்ன வேகம்? வேகன் காலியா, லோடா?

பாலாறு77: சக்கரம் தேஞ்சிருக்கும். புதுசுல விட்டம் 1092 மி.மீ., சாஃப்ட்வேர்ல அதையே விட்டிருப்பீங்க.

பழைய_லோக்கோ: பாலாறு தம்பி, கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. தேஞ்ச சக்கரத்துக்கு 1092 கொடுத்தா ஓடாத தூரமும் ஓடினதா ஏறும், குறிக்கு முன்னாடியே நிக்கும். விட்டம் தப்புன்னா தினமும் தப்பும், 'சில நேரம்' வராது. இதெல்லாம் பாலபாடம்.

லிடார்_பிரியன்: டெட் எண்டைப் பார்க்க லிடார் (லேசர்ல தூரம் அளக்கிற கருவி) வைங்க, எல்லாம் சரியாகும்.

சைடிங்_புள்ளி: டபிள்யூடிஎஸ்-6 டீசல் ஷண்டர், 5 கி.மீ. வேகம், 4 பாக்ஸ்என் சரக்கு வேகன். லோடு இருந்தாதான் தாண்டுது. வேகனுக்கு பிரேக் காத்து ஹோஸ் மாட்டல.

யார்டு_கண்ணு: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே ஜி! காலி பாக்ஸ்என் 22.5 டன், லோடு 81. இன்ஜின் 126. மொத்தம் 216 டன்லருந்து 450க்குப் போகுது, பிரேக் இன்ஜின்ல மட்டும். நிக்கிற தூரமும் ரெண்டு மடங்காகும். சிலிண்டர்ல காத்து ஏற ஒரு செகண்ட் தாமதிச்சாலே 1.4 மீட்டர் போச்சு. சென்சாரைத் தொடாதீங்க. நின்ன இடத்தை டேப்பால அளந்து, கிட் பதிவு பண்ணின லாக்கோட ஒப்பிடுங்க. லாக்லயும் தாண்டல்னு இருந்தா பிரேக் கணக்குதான் தப்பு. லாக் 'சரி'ன்னு சொல்லி டேப் தாண்டினா, சக்கரம் சறுக்குது, தண்டவாளத்துல மணல் தூவுற அமைப்பைப் பாருங்க.

ஜோலார்_எக்ஸ்பிரஸ்: கவச் போட்டா இந்தத் தலைவலியே இல்ல.

பழைய_லோக்கோ: கவச் சிவப்பு சிக்னலைத் தாண்டாம, மோதாம காக்கிறதுக்கு. டெட் எண்டுல மீட்டர் கணக்கா நிறுத்த இல்ல.

ஜோலார்_எக்ஸ்பிரஸ்: அதுலயும் ஸ்லீப்பர்ல பதிச்ச ரேடியோ டேக்தானே (ஆர்எஃப்ஐடி) சார் இடத்தைச் சொல்லுது?

பழைய_லோக்கோ: டேக் இருந்தா கவச் ஆயிடுமா?

யார்டு_கண்ணு: டேக் யோசனையை மட்டும் எடுத்துக்கலாம். டெட் எண்டுக்கு 50 மீட்டர் முன்னாடி ஒண்ணு பதிச்சா அங்கருந்து தூரம் புதுசா எண்ணும், அதுவரை சறுக்கின பிழை சேராது. இன்னொண்ணு, கரண்ட் போனா பிரேக் விழுற மாதிரி மேக்னட் வால்வு இருக்கணும். வேகன் நின்னதும் ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, ரெண்டும் வேணும். காத்து கசிஞ்சா ஏர் பிரேக் விட்டுடும்.

சைடிங்_புள்ளி: லாக், டேப் ரெண்டுமே 1.8 தாண்டல். கடைசி 20 மீட்டருக்கு 2 கி.மீ. வச்சோம். லோடோட நிக்குது. நன்றி.

பாலாறு77: ஈரத் தண்டவாளத்துல பார்த்தீங்களா?