எமர்ஜென்சி மெடிசின் எடுத்தால் கடலூரில் பிழைப்பு ஓடுமா?

முந்திரித்தோப்பு:
சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். கேஷுவால்டி (அவசர சிகிச்சைப் பிரிவு) போஸ்டிங் மொத்தமே 2 வாரம்தான், ஆனால் அந்த 2 வாரத்தில்தான் நான் டாக்டர் என்றே எனக்குத் தோன்றியது. அதற்கான மேற்படிப்பான எம்.டி. எமர்ஜென்சி மெடிசின் எடுக்கிறேன் என்றதும் அப்பா, "அது என்ன படிப்பு? போர்டுல என்னன்னு எழுதுவே?" என்கிறார். ஜெனரல் மெடிசின் முடித்து ஊரில் கிளினிக் வைக்க வேண்டுமாம். சீனியர்கள் சொல்லுங்கள்.

பழைய கிளினிக்காரன்:
அப்பா சரியாகத்தான் கேட்டிருக்கிறார் தம்பி. மஞ்சக்குப்பத்தில் 20 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நெஞ்சுவலி என்று வந்தால் ஈ.சி.ஜி. எடுத்து, ஆஸ்பிரின் கொடுத்து, வண்டி ஏற்றி விடுகிறோம். பெரிய கேஸ் என்றால் கடலூர்க்காரன் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய்விடுவான். நடுவில் உனக்கு என்ன வேலை? "நம்ம டாக்டர்" என்று தேடி வரும் குடும்பம் கிடைக்காது. 50 வயதிலும் நைட் டூட்டி பார்ப்பாயா?

கோரிமேடு நைட் டூட்டி:
நடுவில் என்ன வேலை என்று நான் சொல்கிறேன் சார். எம்.டி. மூன்றாம் வருடம் படிக்கிறேன். போன மழைக்காலத்தில் தோப்பில் சருகு கூட்டிய ஒருவரைப் பாம்பு கடித்தது. முதலில் போன இடத்தில் ரத்தம் உறைகிறதா என்று ஒரு தடவை பார்த்திருக்கிறார்கள். உறைந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வரும்போது ஈறில் ரத்தம். காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் கை படாமல் வைத்துச் சாய்த்தேன். உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடியது, விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் குழாயானாலும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயானாலும் இந்தச் சோதனையை நம்ப முடியாது. விஷமுறிவு மருந்து 10 வயல் (குப்பி) ஏற்றினோம். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசியைப் பக்கத்திலேயே எடுத்து வைத்திருந்தோம். 6 மணி நேரம் கழித்து மறுபடி அதே குழாய், அதே 20 நிமிஷம். அந்த முதல் இடத்தில் இரண்டாவது தடவை பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பழைய கிளினிக்காரன்:
பொறுப்பான எந்த டூட்டி டாக்டரும் செய்கிற வேலைதானேம்மா இது? அதற்கு 3 வருஷப் படிப்பா? இன்னொன்றும் கேள். 2009இல் இதைத் தனித்துறை என்று எம்.சி.ஐ. (இந்திய மருத்துவக் கவுன்சில்) அங்கீகரித்தது. 2020இல் எல்லா மருத்துவக் கல்லூரியிலும் இந்தத் துறை கட்டாயம் என்றார்கள். 2023இல் கட்டாயப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். இந்த லட்சணத்தில் பையனை இறக்கிவிடச் சொல்கிறீர்களா?

கோரிமேடு நைட் டூட்டி:
2023 விஷயம் எங்களுக்கு விழுந்த அடிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் பாம்புக்கடி, பக்கவாதம், பைக் விபத்து மூன்றும் உள்ளே வந்தால் எதை முதலில் தொடுவது? அந்தப் பழக்கம் தன்னால் வந்துவிடாது சார். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் இருக்கிறது. அதில் பாதி வண்டியிலேயே போய்விடும்.

லீட்ஸ் குளிர்:
தம்பி, எந்த வழியில் போகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் ஒரு கார்ப்பரேட் மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) எம்.இ.எம். என்ற எமர்ஜென்சி பயிற்சிப் படிப்பில் சேர்ந்தேன். 3 வருஷம் மாடாக உழைத்தேன், வேலையும் நன்றாகத்தான் கற்றேன். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்குப் போனபோதுதான் அந்தச் சான்றிதழ் அங்கே செல்லாது என்று தெரிந்தது. அப்புறம் எம்.ஆர்.சி.இ.எம். என்ற பிரிட்டிஷ் எமர்ஜென்சி தேர்வை எழுதி, வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் தேர்வு இல்லாமலே இங்கே இங்கிலாந்தில் பதிவு செய்து வந்தேன். ஊரிலேயே இருக்கப் போகிறாய் என்றால் எம்.டி. அல்லது அதற்கு இணையான டி.என்.பி. மட்டும் எடு. ஜிப்மர் வேண்டுமென்றால் ஐ.என்.ஐ. செட் என்ற நுழைவுத் தேர்வு தனி, வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கும். மற்ற கல்லூரிகளுக்கு நீட் பி.ஜி. தேர்வு. எம்.டி. முடித்தவர் டி.எம். கிரிட்டிகல் கேர் (தீவிர சிகிச்சை) மேற்படிப்புக்கும் போகலாம். 50 வயது நைட் டூட்டி பயத்துக்கு அது ஒரு பதில்.

சைரன்:
நான் டாக்டர் இல்லை, 108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி. (முதலுதவி செய்யும் மருத்துவ உதவியாளர்). நீங்கள் எல்லாரும் போர்டைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆலப்பாக்கம் பக்கம் விபத்து, ராத்திரி 2 மணி. கழுத்துப் பட்டை போட்டு, ஆக்சிஜன் வைத்துக் கொண்டு போய் இறக்கினால், "யார்கிட்ட ஒப்படைக்கிறது?" என்று நர்ஸ் அக்காவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே காசு கொடுக்கும் திட்டம் 2021லேயே வந்துவிட்டது. அந்த 48இல் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஆள் வேண்டாமா?

முந்திரித்தோப்பு:
ஐ.என்.ஐ. செட்டுக்குப் படிக்க ஆரம்பிக்கிறேன். அப்பாவிடம் அந்தப் பாம்புக்கடிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கண்ணாடிக் குழாய் நம்ம ஊர் ஆஸ்பத்திரியில இருக்குதா?" என்று கேட்டார். தெரியவில்லை, நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

பழைய கிளினிக்காரன்:
என் கிளினிக்கில் இப்போதுதான் தேடினேன். எல்லாம் பிளாஸ்டிக். அதற்காக உன் அப்பா கேட்டது தப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.