கலர் கண்ணாடியா, உடைந்த டைல்ஸா? செம்பூர் சொசைட்டிச் சுவருக்கு எதை வாங்குவது

செம்பூர்வாசி:
வணக்கம். மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் 6 அடிக்கு 4 அடி மொசைக் ஓவியம் செய்ய முடிவாகியிருக்கிறது. மாஹுல் பக்கம் சேற்றில் வந்து நிற்கும் பூநாரைகள்தான் படம். வரைந்து முடித்தாயிற்று. கூடவே முதல் மாடிப் படிக்கட்டு ஜன்னலுக்கு 2 அடிக்கு 3 அடி ஸ்டெயின்ட் கிளாஸ் ஒன்று, கலர் கண்ணாடித் துண்டுகளை இணைத்துச் செய்வது.

சுவர் மேற்கு பார்த்தது, மழை முழுக்க அதன் மேல்தான் அடிக்கும். கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு பாதி உடைந்த டைல்ஸே போதும் என்கிறது. இன்னொரு பாதி வெளிநாட்டுக் கலர் கண்ணாடித் தாள் (கிளாஸ் ஷீட்) வரவழைக்கலாம் என்கிறது. வசூல் ஒரு தடவைதான், மறுபடி கேட்டால் யாரும் தர மாட்டார்கள். எதில் செலவழிக்கலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

உடைந்தஓடு:
நான் டைல்ஸ் கட்சி. மும்பையில் பழைய கட்டடங்களின் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். சைனா மொசைக் என்று உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பதித்திருப்பார்கள். வெயிலும் மழையும் நேராக விழும் இடம் அது, மேலே ஆட்களும் நடக்கிறார்கள். இருந்தும் வருஷக்கணக்கில் நிற்கிறது. வெளிநாட்டுக் கைவினைப் புத்தகங்கள் செராமிக் டைல்ஸை வெளியே ஒட்டாதே என்று சொல்வது பனிக்குப் பயந்து. டைலின் உடம்பு தண்ணீர் குடிக்கும், அந்தத் தண்ணீர் உறைந்தால் விரிந்து டைலைப் பிளக்கும். செம்பூரில் தண்ணீர் உறைவதே இல்லை, அந்த விதி நமக்கு எதற்கு?

அப்புறம் இளஞ்சிவப்பு. உங்கள் படமே அந்த நிறத்தில்தான் நிற்கிறது. கண்ணாடியில் நல்ல இளஞ்சிவப்பு வரத் தங்கம் சேர்ப்பார்கள், அதனால் விலைப்பட்டியலில் அந்தத் தாள் மேலேதான் இருக்கும். அதே நிறம் உங்கள் தெருவிலேயே கட்டட இடிபாடு ஏற்றும் டெப்ரி லாரியில் ஏறிப் போகிறது. மறுகட்டுமானத்துக்கு இடிக்கிற பழைய பில்டிங்குகளின் பாத்ரூம்களில் இளஞ்சிவப்பு டைல்ஸ் எத்தனை! கான்ட்ராக்டரிடம் அனுமதி கேட்டு இரண்டு மூட்டை எடுத்து வாருங்கள். வெளிர், அடர்த்தி, கொஞ்சம் ஆரஞ்சு கலந்தது என்று எல்லாச் சாயலும் கிடைக்கும்.

ஈயமும்ஒளியும்:
உடைந்தஓடு சொல்லும் உறைபனி விஷயம் சரி. மீதியில் எனக்கு உடன்பாடில்லை.

பூநாரை நிற்பது சேற்றுத் தண்ணீரில். அந்தத் தண்ணீரின் பளபளப்பை பாத்ரூம் டைல் தராது. மேற்கு பார்த்த சுவர் என்கிறார், மாலை வெயில் நேராக விழும். கண்ணாடியின் மேல் அந்த வெயில் விழுந்தால் சுவரே மாறிவிடும். அதை விட்டுவிட்டு, லாரியில் போகிறது என்பதற்காக ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கண்ணாடி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடையில் "கலர் கிளாஸ்" என்று மட்டும் கேட்டால் பின்பக்கம் பெயிண்ட் அடித்த லாக்கர்டு கிளாஸைக் காட்டக்கூடும். மாடுலர் கிச்சனுக்கு அது நல்ல பொருள். மொசைக்கில் பசை பிடிப்பது பெயிண்டை, கண்ணாடியை அல்ல. ஈரம் புகுந்தால் பெயிண்ட் உரிந்து சில்லு கையோடு வரும். தாளின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் உள்ளே முழுக்க ஓடினால் வாங்கலாம், ஒரு பக்கத் தோலாகத் தெரிந்தால் வேண்டாம்.

சுவருக்கும் ஜன்னலுக்கும் ஒரே தாளை வாங்கவும் கூடாது. ஒளி ஊடுருவும் கதீட்ரல் கண்ணாடியைச் சுவரில் ஒட்டினால் இருண்டுவிடும், பின்னால் வெளிச்சம் இல்லையே. சுவருக்குப் பால் கலந்த மாதிரி இருக்கும் ஓபல் கண்ணாடி. ஜன்னலுக்குத்தான் கதீட்ரல்.

உடைந்தஓடு:
பளபளப்பு வேண்டும் என்றால் நீச்சல் குளத்துக்கு ஒட்டும் கிளாஸ் மொசைக் இருக்கிறதே! 20 மி.மீ. சதுரம், 4 மி.மீ. கனம், நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது, தண்ணீருக்கென்றே செய்தது. சில்லுகளை ஒட்டி விற்கும் 327 மி.மீ. சதுரத் தாளில் 225 சில்லு வரும், ஒரு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். சேற்றுக்குச் சாம்பல், தண்ணீருக்கு நீலம் என்று நாலைந்து நிறத்தில் எடுத்தால் போதும். நிப்பரால், அதாவது சில்லு வெட்டும் குறடால், நாலாக வெட்டலாம். கைவினைக் கடையில் சின்னப் பாக்கெட்டில் வாங்கும் கண்ணாடி சதுர அடிக்கு என்ன விலை ஆகிறது என்று கணக்குப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

ஈயமும்ஒளியும்:
குளத்துச் சில்லு நல்ல யோசனை, தண்ணீர்ப் பகுதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சதுரச் சில்லை வெட்டினால் சின்னச் சின்னத் துண்டுதான் வரும். இறகு, கழுத்தின் வளைவு எல்லாம் தாளில் கீறி வெட்டினால்தான் வரும். முழுச் சுவருக்கும் கேட்கவில்லை. பறவைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று தாள் ஓபல் வாங்குங்கள். கோடு ஓடிய தாளாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே லாட்டில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுப்பில், எடுங்கள். அடுத்த லாட்டில் அதே கோடு திரும்ப வராது.

இன்னொன்று. பழைய பாத்ரூம் டைல் பெரும்பாலும் 5, 6 மி.மீ. இருக்கும், கண்ணாடித் தாள் 3 மி.மீ. பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினால் படி படியாக நிற்கும். டைலின் பின்னால் பழைய சிமெண்டும் ஒட்டியிருக்கும், அதைக் கொத்தி எடுப்பது யார்?

சயான்_அம்மா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கேட் பக்கத்துச் சுவர் என்கிறீர்கள். குழந்தைகள் ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடும்போது கையை இழுத்துக்கொண்டே போவார்கள். உடைந்த டைலின் கிளேஸ் ஓரம் பிளேடு மாதிரி. இதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

டைல்ஸ்மேஸ்திரி:
அக்கா கேட்டதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நான் தாராவியில் இருக்கிறேன், டைல்ஸ் வேலைதான் தொழில். ஒவ்வொரு சில்லின் மேல் ஓரத்தையும் கார்போரண்டம் கல்லில் (சாணைக் கல்) தண்ணீர் விட்டு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஒட்டுங்கள். உலர்வாகத் தேய்த்தால் தூசி நுரையீரலுக்குப் போகும். கல் ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும்.

சார் இருவரும் நிறத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மொசைக் கெட்டுப்போனது என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் டைலோ கண்ணாடியோ கெட்டுப் போயிருக்காது. ஒட்டினது விட்டிருக்கும், இல்லை பின்பலகை ஊதியிருக்கும். ஒரு காபிக் கடை வெளிச்சுவரில் அழகான வேலை, எல்லாம் வெள்ளைப் பசையில் ஒட்டியிருந்தார்கள். முதல் மழையில் பசை மறுபடி பாலாகிவிட்டது. மரத்துக்கு ஒட்டும் சாதாரண ஃபெவிகால் ஈரம் படாத இடத்துக்குத்தான்.

வாங்க வேண்டியது பாலிமர் கலந்த டைல் அடிசிவ், டைல் ஒட்டும் சிமெண்ட் பசை. மூட்டையில் கிளாஸ் மொசைக்குக்கு, வெளிச்சுவருக்கு என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும். சாம்பல் நிறம் கண்ணாடி வழியாகத் தெரிந்து இளஞ்சிவப்பை அழுக்காக்கிவிடும். 24 சதுர அடிக்கு 3 மி.மீ. கனத்தில் 20 கிலோ மூட்டை ஒன்று தாராளம். சீப்புக் கரண்டியால் கோடு இழுத்தால் அந்தக் கோட்டைத் தட்டிச் சமமாக்கிவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடிக்குள் வரி வரியாகத் தெரியும்.

பிளைவுட் வேண்டாம், மரைன் பிளை என்று கொடுத்தாலும் வேண்டாம். சிமெண்ட் போர்டு, இல்லை நேரே சுவர். பூச்சுப் புதுசு என்றால் 28 நாள் காயட்டும். சுவருக்குப் பின்னால் கசிவு இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும்.

உடைந்தஓடு:
அடிசிவ் விஷயத்தில் மேஸ்திரி அண்ணா சொன்னதுக்கு மேல் பேச்சில்லை. ஆனால் இடுக்கு நிரப்ப வெள்ளை சிமெண்டில் கலர் பொடி கலந்தால் போதாதா? நம் வீடுகளில் காலம் காலமாக அதுதானே?

டைல்ஸ்மேஸ்திரி:
வேண்டாம் சார். வெறும் வெள்ளை சிமெண்ட் காயும்போது சுருங்கும், மயிரிழை விரிசல் விடும். அதில் தண்ணீர் இறங்கும், பாசி பிடிக்கும். மேற்குச் சுவரில் ஆடி மாதத்திலேயே பச்சையாகிவிடும். ரெடி கிரௌட், அதாவது இடுக்கு நிரப்பும் கலவை, வாங்குங்கள். இடுக்கு 3 மி.மீ.க்குள் என்றால் மணல் இல்லாதது. மணல் கலந்தது கண்ணாடியைக் கீறும். காசு இருந்தால் எபாக்சி கிரௌட், சிமெண்டுக்குப் பதில் ரெசினில் செய்தது.

ஈயமும்ஒளியும்:
எபாக்சியை யோசித்துச் செய்யுங்கள். மேடு பள்ளமான மொசைக்கில் அதைத் துடைத்து எடுப்பது பெரும்பாடு. இறுகிவிட்டால் கண்ணாடியின் மேல் மங்கலான படலம் நிற்கும். முதல் தடவை செய்கிறவர்கள் கையில் கொடுக்க நான் தயங்குவேன். கிரௌட்டின் நிறம் அடர் சாம்பலாக இருக்கட்டும். வெள்ளை இடுக்கு வெளிர் இளஞ்சிவப்பை விழுங்கிவிடும்.

டைல்ஸ்மேஸ்திரி:
சின்னச் சின்னப் பகுதியாகப் போட்டு உடனே ஸ்பாஞ்சால் துடைத்தால் வரும். கடல் காற்றுக்கு நான் எபாக்சிதான் போடுவேன். சார் சொல்லும் நிறம் சரி.

செம்பூர்வாசி:
ஜன்னலைப் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் பில்டிங்கில் ஒரு தம்பி, லேமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் உருக்கிப் பற்றவைக்கும் சால்டர் கம்பியும் 25 வாட் சால்ட்ரிங் அயர்னும் வாங்கினால் வேலை முடிந்தது என்கிறான். கண்ணாடித் துண்டுகளின் ஓரங்களில் சுற்ற அதே கடையின் செப்பு டேப்பாம், அதன் மேல்தான் பற்றவைப்பு.

ஈயமும்ஒளியும்:
செப்பு டேப் சரி, தம்பிக்கு அதில் பாராட்டு. 3 மி.மீ. கண்ணாடிக்கு 7/32 அங்குலம்தான் வழக்கம், அதாவது ஐந்தரை மி.மீ. 6 மி.மீ. டேப் தாராளமாக வேலை செய்யும். பசை காயாத புது ரோலா என்று பாருங்கள். வாங்கினதும் ஜிப் பையில் மூடி வையுங்கள். மும்பை ஈரத்தில் செம்பு கறுத்துவிட்டால் ஈயம் ஒட்டாது.

25 வாட் போதாது. கண்ணாடியும் செம்பும் சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈயம் ஓடாமல் கட்டி கட்டியாக நிற்கும். 80 முதல் 100 வாட், உளி மாதிரி தட்டை முனை வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கம்பிக்குள் ரெசின் இருக்கும், அது உருகிக் கறுப்புக் கறையாகப் படியும். உள்ளே ஒன்றும் இல்லாத சாலிட் 60/40 கம்பி கேளுங்கள். தகரம் 60, ஈயம் 40. 183-ல் இளகி 190 டிகிரிக்குள் முழுக்க ஓடிவிடும், அதனால் கோடு உருண்டையாக அழகாக நிற்கும். ஃபிளக்ஸ், அதாவது ஈயம் ஒட்டுவதற்கு முன்னால் தடவும் பூச்சு, தனியாக, தண்ணீரில் கழுவக்கூடியதாக.

சயான்_அம்மா:
40 பங்கு ஈயம். குழந்தைகளுக்கு இதை லீவு வகுப்பாக நடத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஈயம் இல்லாத கம்பி உண்டு அல்லவா?

ஈயமும்ஒளியும்:
உண்டு. 220 டிகிரியை ஒட்டி உருகும், விலை கூட, கோடு கொஞ்சம் சொரசொரப்பாக வரும். நான் 60/40 தான் பயன்படுத்துகிறேன். சாப்பாட்டு மேஜையில் வேலை இல்லை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், ஜன்னல் திறந்து வைத்தல்.

சயான்_அம்மா:
நீங்கள் பழகியவர். ஏழு வயதுக் குழந்தை கையை வாயில் வைக்கும். குழந்தைகள் இருக்கும் வேலை என்றால் ஈயமே கூடாது என்பதில் நான் இறங்கி வர மாட்டேன். சுவருக்குச் சில்லு அடுக்கட்டும். வெட்டுவது பெரியவர்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு.

உடைந்தஓடு:
இதில் நான் அம்மா பக்கம்.

ஜன்னலுக்குப் புதுத் தாள் வேண்டுமா என்றும் கேட்கிறேன். இடிக்கிற பழைய வீடுகளின் கலர் ஜன்னல் கண்ணாடி பழைய சாமான் சந்தையான சோர் பஜாரில் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளின் அந்தப் பச்சையையும் நீலத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அது திரும்பக் கிடைக்கும்போது எதற்கு இறக்குமதி?

ஈயமும்ஒளியும்:
பழைய கண்ணாடி அழகுதான், எனக்கும் பிரியம். ஆனால் வெட்டும்போது கீறின கோட்டிலிருந்து விலகி உடையும். பெரிய துண்டாக வைக்கிற இடத்துக்கு வாங்குங்கள். காரின் பக்கவாட்டுக் கண்ணாடி, குளியலறைக் கதவு என்று யாராவது இலவசமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். சூடாக்கி உறுதியாக்கிய டஃபன்டு கிளாஸ் அது, அதை வெட்டவே முடியாது, கீறினால் முழுதும் சிதறும்.

2 அடிக்கு 3 அடியில் கண்ணாடி மட்டும் 4 கிலோவுக்கு மேல் வரும். செப்பு டேப் மட்டும் என்றால் நடுவில் தொந்தி விழும். ஓரத்துக்கு உறுதியான உலோகச் சட்டமும் நடுவில் குறுக்குக் கம்பியும் வேண்டும். 1878-ல் கட்டி முடித்த ராஜாபாய் கோபுரத்து நூலக ஜன்னல்களைப் பாருங்கள். அந்த மாதிரி வேலையில் கண்ணாடிக்கு வயதாவதில்லை. தளர்வது ஈயச் சட்டம், அதைத்தான் பழுது பார்க்கிறார்கள். மேஸ்திரி அண்ணா சுவருக்குச் சொன்னதுதான் இங்கேயும். முடிந்தால் இப்போதுள்ள சாதாரண ஜன்னல் கண்ணாடியை எடுக்காமல் அதன் உள்பக்கம் இதைப் பொருத்துங்கள். மழையும் காற்றும் வெளிக் கண்ணாடியோடு போகட்டும்.

செம்பூர்வாசி:
கமிட்டியில் இப்படிச் சொல்லப் போகிறேன்: அடிசிவ், கிரௌட், சிமெண்ட் போர்டு, ஜன்னல் சட்டம் இவற்றில் பேரம் இல்லை. சேறும் தண்ணீரும் குளத்துச் சில்லு. ஜன்னலுக்கு ஈயமில்லாத கம்பி, பெரியவர்கள் மட்டும். பூநாரைதான் இன்னும் இழுபறி. பழைய டைலா, ஓபலா?

உடைந்தஓடு:
டைல். கனம் வித்தியாசம் பிரச்சினை என்றால் பறவை முழுக்க டைலாகவே இருக்கட்டும், கண்ணாடி கலக்காதீர்கள். தண்ணீரைவிடப் பறவை கொஞ்சம் மேலே எழும்பி நிற்பது நல்லதுதான்.

ஈயமும்ஒளியும்:
ஓபல். உடம்புக்கு டைல் என்றாலும் சிறகின் உள்பக்கச் சிவப்புக்காவது ஒரு தாள் வாங்குங்கள்.

டைல்ஸ்மேஸ்திரி:
ஒரு அடி சிமெண்ட் போர்டில் பாதி டைல், பாதி கண்ணாடி ஒட்டிப் பாருங்கள். கிரௌட் போட்டு ஒரு வாரம் காயட்டும். அப்புறம் ஒரு வாரம் பக்கெட் தண்ணீரில் போட்டு எடுத்து, கத்தி முனையால் நெம்புங்கள். வராவிட்டால் அதே சுவரில் மாலை ஐந்து மணிக்குச் சாய்த்து வைத்து இரண்டு கட்சியையும் கூப்பிடுங்கள். போர்டு துண்டு என்னிடம் மிச்சம் இருக்கிறது, அளவு சொன்னால் வெட்டி வைக்கிறேன். கண்ணாடித் தாளை டாக்ஸியில் படுக்கப் போடாதீர்கள், செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.