பாத்ரூம் நாற்றமும் ட்ராப்பில் நிற்க வேண்டிய 50 மி.மீ. தண்ணீரும்: அனுபவப் பகிர்வு

பிளம்பிங் ஒப்பந்ததாரர்

பாத்ரூம் நாறுகிறது என்றால், எந்த நேரத்தில் நாறுகிறது என்று முதலில் கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்ச் சில வாரம் கழித்துத் திரும்பியதும் நாறினால், ட்ராப்பில், அதாவது சாக்கடைக் காற்று மேலே வராதபடி தண்ணீரைத் தேக்கி மறிக்கும் அமைப்பில், தண்ணீர் வற்றியிருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டிய பிறகு நாறினால், அந்தத் தண்ணீர் போன வேகத்தில் ட்ராப்பில் நிற்க வேண்டியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேல்மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழே 'களக் களக்' என்று சத்தம் கேட்டு, அதன்பின் நாறினால் வென்ட் குழாயை (கழிவுக் குழாய்க்குள் காற்று போய்வர மொட்டைமாடிக்கு மேலே நீட்டும் குழாய்) பாருங்கள். ராத்திரி நன்றாக இருந்து விடியும்போது மட்டும் நாறினால், ட்ராப்புக்குள் முடியோ நூலோ தொங்குகிறது, இல்லையென்றால் ட்ராப்பில் விரிசல். நாற்றம் ஒன்றுதான், வைத்தியம் நான்கு. இது தெரியாமல் ஆசிட்டை ஊற்றினால் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்ட்தான் அரித்துப்போகும்.

ட்ராப்பின் மேலே இருக்கும் ஜாலியை (ஓட்டை போட்ட மூடியை) தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் வெளிச்சம் ஆடிக்கொண்டு திரும்பி வரும். ஆழம் அளக்கும்போதுதான் பலர் தப்புச் செய்கிறார்கள். அடித்தளத்திலிருந்து அளக்கக் கூடாது. தண்ணீர் வழிந்து வெளியேறுகிற விளிம்புக்கும், உள்ளே இறங்கியிருக்கும் தடுப்பின் கீழ்விளிம்புக்கும் நடுவில் உள்ள உயரம்தான் வாட்டர் சீல். அது 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தளத்தில் உயரம் போதவில்லை என்று மெலிந்த ட்ராப்பை வாங்கிப் போட்டால் அதில் பாதிகூட நிற்காது.

இன்னொன்று. தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று நானி ட்ராப்பின் (பாத்ரூம் தரையில் பதிக்கும் ட்ராப்) உள்ளே இருக்கும் கப்பைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். கப் இல்லாத ட்ராப் வெறும் ஓட்டை. நாற்றத்துக்குக் கூப்பிட்டால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பில்டிங் சர்வீசஸ் பொறியாளர்

ஒப்பந்ததாரர் சார் சொன்ன மூன்றாவது வகையை, அதாவது வென்ட் சிக்கலை, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், மாடிக் கட்டடங்களில் அதிகம் தப்பாவது அதுதான்.

செங்குத்துக் குழாயில் கழிவுநீர் விழும்போது கூடவே காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. அதனால் மேலே உறிஞ்சல், அடியில் அழுத்தம். குழாய்க்குள் காற்றழுத்த ஏற்ற இறக்கம் 38 மி.மீ. தண்ணீர் உயரத்துக்குள் அடங்க வேண்டும், எந்தச் சூழ்நிலையிலும் ட்ராப்பில் 25 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும் என்பது வடிவமைப்புக் கணக்கு. 50 மி.மீ. என்ற எண்ணைக் குறைக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான்.

இந்தக் கணக்கு நிற்பது, குழாய் மொட்டைமாடிக்கு மேலே திறந்திருக்கும்போது மட்டும். அழகு கெடுகிறது என்று வென்ட்டைக் கைப்பிடிச் சுவருக்குக் கீழேயே வெட்டி எண்ட் கேப் போட்டு மூடியிருப்பார்கள். குழாய் வாயில் மாட்டும் கவுல் மூடி உடைந்து பறவை கூடு கட்டியிருக்கும். தளத்துக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்யும்போது சிமெண்ட் சாந்து உள்ளே விழுந்து உறைந்திருக்கும். கீழ்வீட்டு பாத்ரூமை உடைப்பதற்கு முன்னால் ஏணி போட்டு ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள்.

மேலே நீட்ட வழியில்லாத இடத்தில் காற்றை உள்ளே மட்டும் விடுகிற வால்வு போடுகிறார்கள். அது உறிஞ்சலுக்கு உதவும். அடியில் உருவாகும் அழுத்தத்துக்கு உதவாது, ஏனென்றால் அது காற்றை வெளியே விடாது. தரைத்தளத்தில் ட்ராப் தண்ணீர் மேலே துள்ளுகிறது என்ற புகாருக்கு இந்த வால்வைப் பரிந்துரைக்கிறவர்கள் பிரச்சினையைப் புரிந்துகொள்ளவில்லை.

அந்தத் துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் குழாயின் அடியில் இருக்கும் ஒற்றை 90 டிகிரி எல்போ (வளைவு). விழுகிற தண்ணீர் அங்கே மோதித் தேங்க, பின்னால் வரும் காற்றுக்கு வழி இல்லாமல் போகிறது. இரண்டு 45 டிகிரி பெண்டைச் சேர்த்துப் போட்டால் திருப்பம் நீளும், தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும். மூன்று மாடி வரை உள்ள வீட்டில், எல்லாவற்றுக்கும் கீழே உள்ள இணைப்பு அந்த வளைவின் அடிமட்டத்திலிருந்து 450 மி.மீ.யாவது மேலே இருக்கட்டும். ஐந்து மாடி வரை 750 மி.மீ. அதற்கு மேல் போனால் தரைத்தளத்துக்குத் தனிக் குழாய் இழுத்து நேராக வெளியே உள்ள சேம்பர் தொட்டியில் விடுவதே சரி. சோப்பு நுரை பாத்ரூம் தரையில் பொங்கி வருகிற கட்டடங்களில் இந்தத் தனிக் குழாய் இருக்காது.

பராமரிப்புப் பொறுப்பாளர், அடுக்குமாடி வளாகம்

விடியற்காலை நாற்றத்தைப் பற்றி. நீளமான தலைமுடி ஒன்றிரண்டு, அல்லது தரை துடைக்கும் துணியின் நூல், ட்ராப்பின் விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி அது தண்ணீரை உறிஞ்சி அந்தப் பக்கம் சொட்ட விடும். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் நூலின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழும், அடுத்தது திரளும். ராத்திரி முழுக்க யாரும் தண்ணீர் விடாததால் காலையில் சீல் உடைந்திருக்கும். முதல் ஆள் குளித்ததும் ட்ராப் நிரம்பி நாற்றம் நின்றுவிடும். அதனால்தான் பிளம்பர் பத்து மணிக்கு வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும்.

ஒரு மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கியாக மடக்கி, விளிம்பைச் சுற்றி ஒரு முறை இழுத்தால் போதும். வேதிப்பொடி எதுவும் வேண்டாம்.

காலி வீடுகளுக்கு: எல்லா ட்ராப்பிலும் தண்ணீரை நிரப்பி, மேலே இரண்டு மூன்று ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். ஆவியாவது வெகுவாகக் குறையும். வாஷிங் மெஷின் ட்ராப்பையும் பால்கனி ட்ராப்பையும் மறந்துவிடாதீர்கள்.

தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர்

வறண்ட ட்ராப்பை நாற்றத்தோடு மட்டும் நிறுத்திப் பேச வேண்டாம். 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்றுநோய் 300க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியது. விசாரணையில் முக்கியமான வழியாகச் சொல்லப்பட்டது பாத்ரூம் தரை ட்ராப்தான். தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் துணியால் துடைத்தே வந்ததால் ட்ராப்புகள் வறண்டிருந்தன. கதவைச் சாத்திக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும், ஃபேன் குழாய்க்குள் இருந்த நீர்த்துளிகளை அறைக்குள் இழுத்தது. ட்ராப் என்பது சுகாதாரச் சாதனம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்போது வாட்டம், அதாவது குழாயின் சரிவு. குழாய்க்கு வாட்டம் அதிகமாகக் கொடுத்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். ட்ராப்பிலிருந்து செங்குத்துக் குழாய் வரை உள்ள துண்டில் இது ஆபத்து. அந்தத் துண்டின் மொத்த இறக்கம் குழாயின் விட்டத்தைத் தாண்டினால் தண்ணீர் குழாயை முழுக்க அடைத்துக்கொண்டு ஓடி, பின்னால் ட்ராப்பை உறிஞ்சிவிடும். 40 மி.மீ. குழாய், 1:50 வாட்டம், 1.5 மீட்டர் நீளம் என்றால் இறக்கம் 30 மி.மீ. சரி. அதே வாட்டத்தில் 2 மீட்டர் போனால் 40, அதுதான் எல்லை. அதைவிட நீளம் தேவைப்பட்டால் 50 மி.மீ. குழாய்க்கு மாறுங்கள், அல்லது தனி வென்ட் கொடுங்கள்.

வாஷ்பேசினுக்குக் கீழே பாட்டில் ட்ராப், அதன் குழாய் போய் விழுவது மறுபடி தரை ட்ராப்பின் தண்ணீருக்குள். இந்த இரட்டை ட்ராப்பில் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். பேசின் மெதுவாக வடியும், சத்தம் போடும். ஒரு சாதனத்துக்கு ஒரு ட்ராப்.

ரப்பர் ரிங் போட்ட இணைப்பில் குழாயை முட்டும்வரை தள்ளி, பென்சிலால் கோடு போட்டு, 10 மி.மீ. வெளியே இழுத்து வையுங்கள். 3 மீட்டர் பிவிசி குழாய் 30 டிகிரி சூட்டு வித்தியாசத்தில் சுமார் 6 மி.மீ. நீளும். அந்த இடைவெளி இல்லையென்றால் குழாய் வளையும், வாட்டம் கெடும், வளைந்த இடத்தில் அழுக்குத் தேங்கும்.

ஹோட்டல், அலுவலகக் கட்டடப் பணிகள் செய்பவர்

வணிகக் கட்டடத்தில் இரண்டு விஷயம். சமையலறை கிரீஸ் ட்ராப்பில் (கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி) தண்ணீர் அரைமணி நேரமாவது தங்க வேண்டும். உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் வருமென்றால் 1200 லிட்டர் கொள்ளளவு. மேலே மிதக்கும் எண்ணெயும் அடியில் படியும் வண்டலும் சேர்ந்து ஆழத்தில் கால்பங்கை எட்டியதும் எடுத்துவிட வேண்டும். பாத்திரம் கழுவும் மெஷினின் கொதிநீரை நேராக அதற்குள் விட்டால் எண்ணெய் உருகியபடியே கடந்துபோய், இருபது மீட்டர் தள்ளிக் குளிர்ந்து குழாய்ச் சுவரில் ஒட்டும். அடைப்பு ட்ராப்பில் இருக்காது, தெருப்பக்கம் இருக்கும்.

ஏசி வடிகாலை நேராகக் கழிவுக் குழாயில் சொருகிவிடுகிறார்கள். ஏசி ஓடாத மாதங்களில் சாக்கடைக் காற்று நேராகப் படுக்கையறைக்கு வரும். வடிகுழாயைத் தரை ட்ராப்பின் ஜாலிக்கு 25 மி.மீ. மேலே திறந்தபடி நிறுத்துங்கள். ஏசி ஓடும் நாட்களில் அந்த ட்ராப்பும் வறளாது.

பிளம்பிங் ஒப்பந்ததாரர்

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் சோதனை எப்படி என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பொதுவில் சொல்கிறேன்.

ட்ராப் மாட்டும் முன் எல்லா வாயையும் பிளக் வைத்து அடைத்து, 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி 15 நிமிடம் விடுங்கள். மட்டம் இறங்கக் கூடாது. உயரமான கட்டடமென்றால் பகுதி பகுதியாகச் செய்யுங்கள், மொத்தமாக நிரப்பினால் கீழே உள்ள இணைப்பு பிடுங்கிக்கொள்ளும்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் காற்றுச் சோதனை. ட்ராப்புகளில் தண்ணீர் ஊற்றி, குழாயின் மேலும் கீழும் அடைத்து, கண்ணாடி மாதிரித் தெரியும் டியூப்பை U வடிவில் மடக்கிப் பாதி தண்ணீர் விட்டு ஒரு வாயில் இணைக்க வேண்டும். கைப்பம்பால் மெதுவாகக் காற்று ஏற்றி, டியூப்பின் இரண்டு பக்க மட்டத்துக்கும் 38 மி.மீ. வித்தியாசம் வந்ததும் வால்வை மூடுங்கள். மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் இணைப்புகள் தேறின. மட்டம் இறங்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கொப்புளம் காட்டிக்கொடுக்கும்.

குடிவந்த வீட்டில் இவ்வளவு செய்ய முடியாது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்தி, ஜாலிக்குப் பக்கத்தில் ஊதுபத்தி பிடியுங்கள். புகை நேராக எழுந்தால் சரி, ஜாலியிலிருந்து வரும் காற்று அதைக் கலைத்து மேலே தள்ளினால் சீல் இல்லை. கதவுக்கு அடியில் 10 மி.மீ. இடைவெளி விட்டிருந்தால் ஃபேனுக்குக் காற்று அங்கிருந்து கிடைக்கும், ட்ராப்பை இழுக்காது. ஊதுபத்தியைச் சேம்பர் மூடி, செப்டிக் டேங்க் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், அங்கே மீத்தேன் இருக்கும்.