புதுப்பிப்பு: மகளின் சட்டப் படிப்புக் கட்டணம்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் மகளுக்குத் தனியார் கல்லூரியில் சட்டம் பயில இடம் கிடைத்தும், பிடிபிடிஎன் (அரசின் உயர்கல்விக் கடன் நிதி) கடன் போக மீதிக் கட்டணத்திற்கு வழி தெரியாமல் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

வீட்டுக் கடனை மறுநிதியாக்க, அதாவது புதிய கடன் எடுத்துப் பழையதை அடைக்கச் சொன்ன யோசனையை, வட்டிக் கணக்கைப் பார்த்ததும் கைவிட்டேன். கைகொடுத்தது ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்கெனப் பணம் எடுக்கச் சொன்னவரின் யோசனைதான். 2024 மே மாதம் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்ட பிறகு, புதிய சந்தாவில் 15 விழுக்காடு செல்லும் செஜாத்ரா கணக்கிலிருந்தே இதற்கு எடுக்க முடியும். பிள்ளைகளின் படிப்புக்கும் அது பொருந்தும்.

முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. கல்லூரி கொடுத்த கடிதத்தில் மூன்றாண்டு மொத்தத் தொகை மட்டுமே இருந்தது. பருவவாரியான கட்டணத்தையும் கடன் ஈடுசெய்யும் தொகையையும் தனித்தனியே காட்டும் புதிய கடிதத்தை, முத்திரையோடு, பெற்ற பின்னரே ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கடிதத்திற்காக மகள் கல்லூரி முகப்பிடத்தில் இரண்டு பிற்பகல்கள் காத்திருந்தாள்.

நான் எதிர்பாராதது ஒன்று: அவள் படிப்பது லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைப் பட்டம் (உள்ளூரில் படித்தே பெறுவது) என்பதால், மலேசியாவில் வழக்கறிஞராக சிஎல்பி என்ற சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வும் எழுத வேண்டும். அந்த வகுப்புக் கட்டணத்தை என் பட்டியலில் சேர்த்திருக்கவேயில்லை. அதற்காக இப்போதே மாதந்தோறும் தனியாக ஒதுக்கி வருகிறேன்.