பயாஸ் அப்டேட் செய்து திரை கருத்துப்போன அனுபவங்கள்

பொருநைக்கரை:

போன ஆடி மாதம் எங்கள் வீட்டு டெஸ்க்டாப் ஆறு நாள் செத்துக் கிடந்தது. ஏழாம் நாள் எழுந்தது. நடுவில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். திரை கருத்துப்போன அன்றே போர்டைக் கைவிட இருக்கும் யாராவது ஒருவருக்கு உதவினால் போதும்.

2019-ல் சேர்த்த சிஸ்டம். பி450 மதர்போர்டு, ரைசன் 5 2600, 16 ஜிபி ரேம். தம்பி மகள் எங்களோடு தங்கி ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். அவள் வரைகிற வீட்டுப் படங்கள் ரெண்டர் ஆகி முடிய விடிந்துவிடும். போர்டையும் ரேமையும் அப்படியே வைத்துக்கொண்டு பிராசசரை மட்டும் ரைசன் 5 5600 ஆக மாற்றலாம் என்று வாங்கி வந்தேன். பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் அந்த வசதி உண்டு. ஆனால் 5600 வெளிவந்தது 2022-ல். 2019-ல் செய்த போர்டுக்கு அப்படி ஒரு பிராசசர் இருப்பதே தெரியாது. எந்தப் பிராசசரை எப்படி எழுப்ப வேண்டும் என்ற விவரமெல்லாம் போர்டில் ஒட்டியிருக்கும் எட்டுக் கால் சிப் ஒன்றுக்குள் இருக்கிறது. கம்ப்யூட்டரை எழுப்பும் அந்த மென்பொருளுக்குத்தான் பயாஸ் என்று பெயர். அதனால் பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்து, அப்புறம்தான் புதியதை மாட்ட வேண்டும்.

செய்ய வேண்டியதில் பாதியை ஒழுங்காகவே செய்தேன். போர்டின் மாடல் பெயரோடு ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன் வந்திருந்தால் இரண்டுக்கும் பயாஸ் வேறு வேறாக இருக்கும். என் பதிப்பிலிருந்து நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவக் கூடாது, இடையில் ஒன்றைப் போட்ட பிறகே போக வேண்டும் என்று தயாரிப்பாளரின் குறிப்பில் இருந்தது. அதையும் கேட்டேன். இடைப்பதிப்பு நான்கு நிமிடத்தில் சுத்தமாக ஏறியது.

இரண்டாவது ஏறிக்கொண்டிருந்தபோது கரண்ட் கண்ணடித்தது. ஆடிக் காற்றில் எங்கள் தெருவில் இது அன்றாடம் நடப்பதுதான். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்ற தைரியத்தில் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் நிற்கவில்லை, ட்யூப்லைட் ஒரு சிமிட்டல் சிமிட்டியது, சிஸ்டம் மட்டும் அணைந்து மறுபடி ஓடத் தொடங்கியது. 62 சதவீதத்தில் நின்ற அந்த நீலப் பட்டை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இன்வெர்ட்டரின் முதுகில் சின்ன ஸ்விட்ச் ஒன்று உண்டு. ஒரு பக்கம் நார்மல், இன்னொரு பக்கம் யுபிஎஸ். எங்கள் வீட்டில் வாங்கிய நாள் முதல் நார்மலில்தான் கிடந்திருக்கிறது. நார்மலில் மெயின் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறச் சற்று அதிக நேரம் எடுக்கும். ஃபேனும் விளக்கும் அதைத் தாங்கும். கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட்தான். யுபிஎஸ் பக்கம் தள்ளியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பயாஸ் எழுதும்போது சிப்பில் பழையதை முதலில் அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதுகிறது. பாதியில் நின்றால் பிராசசர் விழித்ததும் படிக்க வேண்டிய முதல் வரியே இருக்காது. ஃபேன்கள் சுற்றும், கேபினெட் விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. கீபோர்டில் நம்லாக் அழுத்தினால் அந்தப் பச்சைப் புள்ளிகூட எரியாது.

மறுநாள் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போனேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, போர்டு போச்சு, புதிதாகப் போட்டால் 7,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வீட்டுக்குத் திரும்பினால் அம்மா வாசலிலேயே நின்று, "பிள்ளை படிக்கிற மிஷினைப் போய் ஏன்டா தொட்டே?" என்று கேட்டாள். அன்றைக்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

நான்காம் நாள் போர்டின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கேபினெட்டின் பின்னால் யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் பொத்தான் ஒன்று ஐந்து வருடமாக இருந்திருக்கிறது. அதற்குப் பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்று பெயர். எல்லா போர்டிலும் கிடையாது. இருக்கிற போர்டில் பிராசசரும் ரேமும் இல்லாவிட்டால்கூட வேலை செய்யும். தனியாக ஒரு சின்ன கன்ட்ரோலர் பென்டிரைவைப் படித்து நேராகச் சிப்பில் எழுதிவிடும். எஸ்எம்பிஎஸ் கரண்ட் மட்டும் போர்டுக்கு வந்துகொண்டிருந்தால் போதும்.

அதிலும் இரண்டு நாள் தோற்றேன். பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு எல்ஈடி நாலைந்து முறை மின்னிவிட்டு அடங்கிவிடும். காரணங்கள் மூன்று இருந்தன. பென்டிரைவ் 64 ஜிபி, அது எக்ஸ்ஃபாட் என்ற ஃபார்மேட்டில் இருந்தது. ஃப்ளாஷ்பேக்குக்கு ஃபாட்32 வேண்டும். 32 ஜிபிக்கு மேலே போனால் விண்டோஸின் ஃபார்மேட் பெட்டி ஃபாட்32-ஐக் காட்டவே காட்டாது. அடுத்து, ஃபைலுக்கு அந்தக் கம்பெனி கேட்கிற குறிப்பிட்ட பெயரை வைக்க வேண்டும், நான் இறக்கிய பெயரிலேயே விட்டிருந்தேன். மூன்றாவது, பின்னால் இருக்கும் துளைகளில் இதற்கென்று குறித்த ஒன்றில் மட்டுமே செருக வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணன் கல்யாண வீடியோ வைத்திருந்த பழைய 8 ஜிபி பென்டிரைவைக் கொடுத்தார். வீடியோவை வேறிடத்தில் காப்பி செய்துவிட்டு, ஃபாட்32 ஆக்கி, ஜிப்பைப் பிரித்து அந்த ஒரே ஃபைலை மட்டும் போட்டேன். இந்த முறை ஸ்விட்ச் யுபிஎஸ் பக்கம் இருந்தது. பொத்தானை அழுத்தினேன். எல்ஈடி மெதுவாக மின்னியது, பிறகு வேகமெடுத்தது, நிற்கவில்லை. தம்பி மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐந்தரை நிமிஷத்தில் அணைந்தது. பவர் பொத்தானைத் தொட்டதும் ஃபேன் சுற்றி, நின்று, மறுபடி சுற்றியது. எனக்கு மூச்சே வரவில்லை. அப்புறம் திரையில் கம்பெனி முத்திரை வந்தது.

அதற்குப் பிறகு புதுப் பிராசசரை மாட்டியது அரை மணி வேலை. முதல் முறை ஏறும்போது எஃப்டிபிஎம் (பிராசசருக்குள் இருந்து ரகசியச் சாவிகளைக் காப்பது) மாறிவிட்டது, ரீசெட் செய்ய ஒய் (Y), வேண்டாமென்றால் என் (N) என்று கறுப்புத் திரையில் கேட்டது. எங்கள் டிஸ்க்கில் என்கிரிப்ஷன் என்ற பூட்டு இல்லாததால் ஒய் அழுத்தினேன். ரேமின் வேகம் 3200-லிருந்து இறங்கி 2400-ல் ஓடியது, அதை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைத் திரும்ப ஆன் செய்தேன். அப்டேட்டுக்கு முன்னால் பயாஸின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:

ஒய் அழுத்தும் இடத்தில் எல்லோரும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் அண்ணா. என் வீட்டு சிஸ்டம் பிராண்டட், விண்டோஸ் 11. விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்து ஃபர்ம்வேரும், அதாவது புது பயாஸும், வந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. மறுநாள் காலை நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கிறது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய இரண்டு நாள்தான் இருந்தது. பதினான்கு கட்சிக்காரர்களின் கணக்கு அதற்குள்ளே.

விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டுதான் பிட்லாக்கர். அதன் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி பூட்டி வைத்திருக்கும். நேற்று இருந்த அதே ஃபர்ம்வேர்தான் இன்றும் இருக்கிறது என்றால்தான் அது சாவியைத் தரும். பயாஸ் மாறினால் அதற்கு அது வேற்றாள். அதன் வேலையை அது சரியாகவே செய்கிறது, நாம்தான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் பிட்லாக்கரை ஆன் செய்ததே இல்லை. ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே போனால் பல சிஸ்டங்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அதே பூட்டு தானாகவே விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் முதல் நாள் கணக்குப் போட்டது மகன். அவன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். போனில் கூப்பிட்டு, அவன் கணக்கில் நுழைந்து ரெகவரி கீ பக்கத்தைத் திறந்தால் மூன்று சாவிகள் இருந்தன. நீலத் திரையிலேயே கீ ஐடி என்று ஒன்று காட்டும். அதன் முதல் எட்டு எழுத்து எதோடு பொருந்துகிறதோ அதுதான் நம் சாவி. அவன் ஆறாறு இலக்கமாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எட்டாவது ஆறு முடிந்து என்டர் தட்டியதும் திறந்துகொண்டது.

இப்போது அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறேன். அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்தால், அதாவது தற்காலிகமாக நிறுத்தி வைத்தால், இந்தக் கேள்வியே வராது. சாவி கையில் இல்லாமல் எஃப்டிபிஎம் கேள்விக்கு ஒய் கொடுப்பது மட்டும் எக்காரணத்துக்கும் வேண்டாம்.

எட்டுக்கால்:

சிப் லெவல் வேலையில் இருக்கிறேன். ஃப்ளாஷ்பேக் பொத்தான் இல்லாத போர்டும் போகவில்லை தம்பிகளா. சிப்பைக் கிளிப்பால் கவ்விப் பிடித்து, சிஎச்341ஏ என்ற சின்ன புரோகிராமர் கருவியை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, பயாஸை வெளியிலிருந்தே எழுதிவிடலாம். அந்தக் கருவி சில நூறு ரூபாய்தான்.

கரண்ட் இணைப்பை உருவிவிட்டு, வட்டப் பேட்டரியையும் கழற்றுங்கள். சிப்பின் ஒரு மூலையில் புள்ளி இருக்கும், அதுதான் முதல் கால். கிளிப்பின் சிவப்பு ஒயர் அந்தப் பக்கம் வர வேண்டும். எழுதுவதற்கு முன் சிப்பில் இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு பைட் வித்தியாசம் வந்தாலும் கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று அர்த்தம். அந்தப் பிரதியை அழிக்காதீர்கள். லேன் போர்ட்டின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்), சீரியல் எண், பிராண்டட் மிஷினில் விண்டோஸ் கீ எல்லாம் அதில்தான் இருக்கும். கம்பெனி ஃபைலை மட்டும் எழுதிவிட்டால் இதெல்லாம் காணாமல் போய்விடும். சில சிப்புகள் 1.8 வோல்ட். அதற்குத் தனி அடாப்டர் இல்லாமல் 3.3 வோல்ட் கொடுத்தால் சிப்பை நாமே கொன்றதாகிவிடும்.

1999 ஏப்ரல் 26 எனக்கு மறக்காது. அப்போது வேலை பழகிக்கொண்டிருந்த பையன். சிஐஎச் வைரஸ், செர்னோபில் என்றும் சொல்வார்கள், அன்றைக்கு விழித்துக்கொண்டது. டிஸ்க்கின் முன்பகுதியை அழித்தது, சில போர்டுகளில் பயாஸையும் சேர்த்து அழித்தது. 430டிஎக்ஸ் சிப்செட் போர்டுகள் வரிசையாக வந்து இறங்கின. புரோகிராமர் எங்களிடம் இல்லை. அப்போது பயாஸ் சிப் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும். அதே மாடல் நல்ல போர்டு ஒன்றை டாஸில் எழுப்பி, ஓடிக்கொண்டிருக்கும்போதே நல்ல சிப்பை மெல்ல நெம்பி எடுத்து, அந்த இடத்தில் செத்த சிப்பை அழுத்தி உட்காரவைத்து எழுதுவார் என் ஆசான். எடுக்கிற சிப்பின் இரண்டு ஓரத்திலும் முன்கூட்டியே நூல் கட்டி வைத்திருப்பார், கை நடுங்கினாலும் கால்கள் கோணாமல் நேராக வரும் என்று. அந்த வாரம் அவர் கடையை விட்டு வீட்டுக்குச் சரியாகப் போகவே இல்லை.

பழைய மானிட்டர்:

என் அனுபவம் சின்னது. அப்டேட் 100 சதவீதம் முடிந்தது, ரீஸ்டார்ட் ஆனது, திரை கறுப்பு. ஆனால் நம்லாக் விளக்கு எரிந்து அணைந்தது. அதனால் உள்ளே உயிர் இருக்கிறது என்று நம்பினேன். பயாஸ் புதிதானதும், பழைய கருவிகளுக்கு இடம் கொடுக்கும் சிஎஸ்எம் அமைப்பு ஆஃப் ஆகிவிட்டது. என் கிராபிக்ஸ் கார்டு 2011-ல் வாங்கியது, யுஇஎஃப்ஐ என்ற புது வகை பயாஸ் அதற்குத் தெரியாது, சிஎஸ்எம் இல்லாமல் அது படமே காட்டாது. கார்டைக் கழற்றி, மானிட்டர் கேபிளைப் போர்டில் இருக்கும் துளைக்கே மாற்றினேன், வந்துவிட்டது. உள்ளே போய் சிஎஸ்எம்-ஐ ஆன் செய்துவிட்டுக் கார்டை மாட்டினேன். பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி உதவும்.

தறிச்சத்தம்:

ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட் வைத்திருக்கும் தம்பிகள் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அப்டேட் முடிந்து முதல்முறை எழும்போது டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் எடுக்கும். அதுவரை திரையில் ஒன்றும் வராது, போர்டில் டிராம் (DRAM) என்று எழுதிய விளக்கு மட்டும் எரியும். நான் இரண்டே நிமிஷத்தில் பவரை அமுக்கிவிட்டேன். மூன்று முறை அமுக்கினேன். நாலாவது முறை கீழே கடையிலிருந்து கூப்பிட்டார்கள், அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனேன். திரும்பி வந்தால் விண்டோஸ் திறந்திருந்தது.

பொருநைக்கரை:

எட்டுக்கால் அண்ணா, அந்த நூல் விஷயத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கணக்குப்பிள்ளை சொன்னபடி தம்பி மகளின் லேப்டாப்பை இன்று சோதித்தேன். என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறது, சாவி அவள் கல்லூரி மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிடுவார்களாம். 48 இலக்கத்தையும் நோட்டில் எழுதச் சொல்லி, நான் ஒருமுறை படித்துச் சரிபார்த்தேன். இன்வெர்ட்டர் ஸ்விட்ச் மேல் யாரும் தொடாதபடி டேப் ஒட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் புது பென்டிரைவ் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த 8 ஜிபியைப் பயாஸ் ஃபைலோடு ஒரு கவரில் போட்டு, கேபினெட்டுக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.