முற்றத்துப் புல்தரையைக் குறைந்த செலவில் சீர்படுத்த ஆலோசனை வேண்டும்

குழு அன்பர்களுக்கு வணக்கம். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் என் பெற்றோர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வாங்கிய வீட்டின் முற்றம் பல ஆண்டுகளாகக் கவனிப்பாரின்றிக் கிடந்ததால், பாதிக்கு மேல் லாலாங் எனும் களைப்புல்லும் தொட்டாற்சிணுங்கியும் மண்டியுள்ளன. எஞ்சிய இடத்தில் செம்மண் இறுகி, மழைநீர் உள்ளே இறங்காமல் தேங்குகிறது. சிமெண்டு பூசிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அம்மா மாலையில் அமரும் இடம் என்பதால் அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

லாலாங்கின் தண்டு மண்ணுக்கடியில் ஓடுவதால், மேலே வெட்டுவதோடு நிற்காமல், சங்குல் எனும் மண்வெட்டியால் கொத்தி வேரோடு அகற்றி வருகிறேன். வேலியோரம் அம்மாவின் கீரைப்பாத்தி இருப்பதால் களைக்கொல்லி வேண்டாம். கையில் இருப்பது 300 ரிங்கிட்தான். ஆகவே புல் பாளங்களை வாங்காமல், நிழலையும் தாங்கும் மாட்டுப்புல் எனும் புல்தரைப் புல்வகையின் ஓடுதண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் நட எண்ணுகிறேன்.

இறுகிய மண்ணை இளக்க, ஆலையில் பழம் நீக்கிய செம்பனை (எண்ணெய்ப்பனை) குலைகளை மக்கவைத்த உரம் போதுமா, மணலும் கலக்க வேண்டுமா? புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பை நடவுக்கு எவ்வளவு முன்பே இட வேண்டும்? அக்டோபர், நவம்பர் கனமழை இளம் தண்டுகளை அரித்துவிடுமா? இவ்வட்டாரத்தில் செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.