புதுப்பிப்பு: சட்டமும் மருத்துவமனை நிர்வாகமும் சேர்த்துப் படிப்பது பற்றி

சேலம் ஐந்து ரோடு அருகே ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருக்கிறேன். சட்டத்தையும் மருத்துவமனை நிர்வாகத்தையும் ஒரே சமயத்தில் படிக்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழிசொன்ன அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் நன்றி.

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களில், இந்த இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் ஆகும் ஐந்து ஆண்டுகளை இணைத்து நான்கில் முடிக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிப்பதை அனுமதித்தது. ஆனால் சட்டக் கல்வியை முறைப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் சட்டத்தோடு இன்னொரு முழுநேரப் படிப்பில் சேர்வதைத் தடுக்கின்றன; தொலைநிலைக் கல்வி போன்ற சிலவற்றுக்கே விலக்கு. ஆகவே முதலில் மூன்றாண்டுச் சட்டம், பிறகுதான் நிர்வாகம்.

சட்டம் முதலில் என்று முடிவெடுக்க வைத்தவர் ஒரு பாட்டி. ஏற்காட்டிலிருந்து அறுவைச் சிகிச்சைக்கு வந்திருந்தார். காப்பித் தோட்டத்தில் தேய்ந்த கட்டைவிரல். இரண்டு முறை உருட்டியும் ரேகை பதியவில்லை. ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலம். "இதில் என்ன கண்ணு எழுதியிருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். நோயாளிக்குப் புரியும்படி விளக்கிப் பெறுவதுதான் ஒப்புதல் என்று சமீரா கோலி வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவரை அழைத்துவந்து தமிழில் சொல்ல வைத்தேன். அதன்பிறகே பாட்டி விரலை நீட்டினார்.

சட்டக் கல்லூரியில் 70 சதவீத வருகை கட்டாயம். பகல் வேலையை விடுகிறேன். அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன்.